ஏழு மணிக்கு மாடிக்கு வருகிறவன்

என் வீட்டு மொட்டை மாடிக்கு மாலை ஏழு மணி வாக்கில் ஒருவன் வந்துபோகிறான் என்ற செய்தி மண்டபத்திலிருந்து கமுதி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்தியில் பொய் என்று எதுவும் இல்லை. வந்துபோனது உண்மை. ஏழு மணி உண்மை. மாடியும் உண்மை. வந்தவன் யார் என்பதை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். சர்க்கரை, கொழுப்பு, யூரியா என்று ஊர்க்காரர்களின் உள்விவகாரம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் டாக்டரிடம் போகும். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். மகள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நானும் சுவர்களும்தான்.

மாசி மாதத்தில் ஒரு நாள், வீட்டுக்குள் நுழைந்ததும் கரண்ட் போய்விட்டது. காயப்போட்ட துணிகளையாவது எடுப்போம் என்று மாடிக்குப் போனேன். எங்கள் பக்கம் நிலம் ஒடுங்கிக் கிடக்கும் இடம். மாடியில் நின்றால் ஒரு கைப்பக்கம் வடகடல், மறு கைப்பக்கம் தென்கடல். கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தபோது வடகடலுக்கு மேலே ஒரு வெளிச்சம் பளிச்சென்று மின்னி அணைந்தது. சரி, ஏதோ படகில் டார்ச் அடிக்கிறார்கள் என்று திரும்பினேன். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னொரு பளிச். பிறகு இன்னும் மேலே. விமானம் என்றால் சிவப்பும் பச்சையும் தெரியும், சத்தம் வரும். இதில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ டார்ச்சை அமுக்கி அமுக்கி அணைத்தபடி வானத்தில் நடந்துபோகிற மாதிரி, நேரே என் தலைக்கு மேல் வந்து, தென்கடல் பக்கமாக இறங்கி, மங்கி மறைந்தது. கரண்ட் வந்து தெருவிளக்கு எரிந்த பிறகும் நான் துணி ஸ்டாண்டு மாதிரி அங்கேயே நின்றிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாட்டிலைட்டா இருக்கும்மா. அதுக்கு ஆப் இருக்கு, போட்டுப் பாரு" என்றாள். போட்டுப் பார்த்தேன். மறுநாள் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றபோது அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நம்பரும் ஆர், பி என்று இரண்டு எழுத்தும் வந்தன. ராக்கெட் பாடி என்பதன் சுருக்கமாம்.

அது செயற்கைக்கோள் இல்லை. செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விட்ட ராக்கெட்டின் கடைசித் துண்டு. பஸ் அளவுக்கு ஒரு காலி உருளை. எரிபொருள் தீர்ந்து, வேலையும் முடிந்து, இறங்கவும் வழியில்லாமல் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெண்ணைக் கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீசல் தீர்ந்த பிறகும் நிற்கத் தெரியாமல் தெருவையே வட்டமடிக்கிற வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து ஓட்ட ஆள் இல்லாததால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகிறது. கீழே நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும். உருண்டு உருண்டு போகும்போது அதன் பக்கவாட்டில் வெயில் படுகிற நேரமெல்லாம் ஒரு பளிச்.

எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. எப்போதிலிருந்து 'அது' போய் 'அவன்' ஆனது என்று தெரியவில்லை.

லேபில் ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற பழக்கத்தில் என் பெருவிரல் எப்போதும் ஸ்டாப்வாட்ச்சிலேயே இருக்கும். ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் எவ்வளவு நேரம் என்று பார்க்க ஆரம்பித்தேன். இதையே வேலையாக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடியபோது தெரிந்தது. அவர்கள் குழு ஒன்றில் சேர்ந்து, என் அரைகுறை ஆங்கிலத்தில் என் கணக்கைப் போட்டேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர், "மிக நல்ல அளவு, அந்தப் பகுதியிலிருந்து பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஆளே இல்லை, தொடர்ந்து அனுப்புங்கள்" என்று பதில் போட்டிருந்தார். இத்தனை வருடமாக லேபில் ரிசல்ட் கொடுக்கிறேன். நல்ல அளவு என்று ஒருத்தர் சொன்னது கிடையாது. சர்க்கரை கூடியிருந்தால் என்னைத்தான் முறைப்பார்கள்.

அன்றிலிருந்து வானம் சரியாக இருக்கிற நாளெல்லாம் மாடிதான். ஒரு நாள் கொஞ்சம் முன்னே வருவான், ஒரு நாள் கொஞ்சம் பின்னே. ஒரு நாள் தலைக்கு மேலே, ஒரு நாள் பாம்பன் பக்கமாக ஒதுங்கி. எப்படி வந்தாலும் நாலைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டான்.

கணவருக்கு இதில் ஒரே வேடிக்கை. வேலை முடிந்து அவர் போன் செய்கிற நேரமும் அவன் வருகிற நேரமும் பல நாள் ஒன்றாக இருக்கும். எடுத்ததுமே, "என்ன, உன் ஆளு வந்துட்டானா?" என்பார்.

"இன்னும் இல்ல. ஏழு மணிக்கு வாரான்."

"எவ்வளவு நேரம் இருப்பான்?"

"என்னத்த இருக்கான், வந்ததும் போயிருவான். நேத்து வரவே இல்ல. அதான் மனசே சரியில்ல."

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாடியில்தான் பேசவேண்டும். அங்கே கடல்காற்று காதைப் பிய்க்கும் என்பதால் கத்தித்தான் பேசவேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தன் மாடியில் கருவாடு எடுத்துவைக்கிற நேரமும் அதுதான். போனின் மறுமுனையில் இருந்தது என் கணவர் என்று அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவர் காதில் விழுந்ததெல்லாம் என் பாதி மட்டும்தான். இதை யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

பங்குனி பிறந்த சமயம், ஒரு நாள் காலையில் லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது என் நாத்தனார். கையில் ஒரு பை, காலடியில் அரை மூட்டை மிளகாய் வத்தல்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். கமுதிப் பக்கம் மிளகாய் போட்டிருக்கிறார். வருஷா வருஷம் எங்கள் தெருவுக்கே அவர் காட்டு வத்தல்தான், பக்கத்து வீட்டு அக்கா உட்பட. வருவதென்றால் முதல் நாள் ஒரு தடவை, பஸ் ஏறும்போது ஒரு தடவை, ராமநாதபுரம் வந்ததும் ஒரு தடவை என்று போன் செய்துவிட்டு வருகிற ஆள். அன்றைக்கு ஒரு போனும் இல்லை.

"என்ன மதினி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீக?"

"ஏன், சொல்லிட்டுத்தான் வரணுமா? சொல்லிட்டு வந்தா என்ன செய்வ?"

"மீன் வாங்கி வச்சிருப்பேன்" என்றேன். அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு டம்ளர் கெடக்கு?"

"ஒண்ணு நேத்து சாயந்தரம் குடிச்சது, ஒண்ணு இப்பக் குடிச்சது."

"ம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வந்திருக்கது தம்பிக்குத் தெரிய வேண்டாம். சொல்லிப்புடாத" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வீட்டில் அண்ணனோடு, அதாவது அவர் கணவரோடு, பெரிய சண்டை போட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறார் பாவம். இல்லாவிட்டால் மிளகாய் பறிக்கிற சமயத்தில் காட்டை விட்டு எந்தச் சம்சாரி நகர்வார்? அவர் என்னைப் பார்த்து மனம் வெந்துகொண்டிருக்க, நான் அவரைப் பார்த்து மனம் இளகிக்கொண்டிருந்தேன்.

அவர் தோளைத் தொட்டு, "எதுவா இருந்தாலும் மனசுலயே வச்சுக்காதீக மதினி. எங்கிட்டச் சொல்லுங்க, ஒரு முடிவு பண்ணுவோம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொதல்ல சொல்லுத்தா" என்றார்.

சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? லேபுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால் மாடி முழுக்க மிளகாய் பரத்திக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வத்தலைக் கிண்டிவிடுகிற நீளக் கம்பு.

"இருட்டப் போகுது மதினி, அள்ளிருவமா?"

"கெடக்கட்டும். நான் காவலுக்கு இருக்கேன்."

"ராத்திரி மொளகா காயுமா?"

"கமுதி மொளகா காயும்."

அன்றைக்குப் பார்த்து வானத்தில் ஒரே மேகம். நாத்தனார் வந்த வேளை என்று நினைத்துக்கொண்டேன். கணவர் போன் செய்தார். நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே, அதனால் அவர் குரல் போனில் கேட்டுவிடாதபடி மாடியின் அடுத்த மூலைக்குப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினேன். "இன்னைக்கி வரமாட்டான். நெலம சரியில்ல. நாளைக்கி வாரான், நேரா தலைக்கு மேலயே வாரான்."

திரும்பினால் நாத்தனார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பு. அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். பாவம், எவ்வளவு பெரிய சண்டையோ என்று நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் கூத்து.

எங்கள் வீட்டு டிஷ் சில நாளாகப் படம் காட்டாமல் கிடந்தது. பெரியபட்டினத்திலிருந்து வருகிற மெக்கானிக் ஒருவரிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தேன். டிஷ் பாய் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். நாலு பிள்ளைக்குத் தகப்பன், எப்போதும் வாசனை எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. இத்தனை நாள் வராதவர் அன்றைக்குச் சாயந்தரம் நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருக்கிறார். கதவைத் திறந்தது நாத்தனார்.

"மாடிக்குப் போகணும்மா. அக்காதான் வரச் சொன்னாக" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"அப்படியாப்பா. போ, மேல போ" என்று நாத்தனார் வழிவிட்டிருக்கிறார். அவர் மேலே ஏறியதும் மாடியின் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

நான் வந்தபோது அவர் மாடிப்படியின் நடுவில் கம்போடு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"வந்துட்டியா? போ, உன் ஆளு மேல வந்துட்டான்" என்றார்.

கணவர்தான் அவனைப் பற்றிச் சொல்லியிருப்பார், தான் வந்திருப்பதைத் தம்பியிடம் இவரே சொல்லிவிட்டார் போல என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அதுக்குள்ளயா? இன்னும் நேரம் இருக்கே!" என்றேன்.

நாத்தனாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "நேரம் வேற வச்சிருக்கியா?"

"பின்ன? ஏழு மணிக்கு மேலதான் மதினி. ஆப்புல போட்டிருக்கு."

"ஆப்பா? இரு, நான் வைக்கிறேன் ஆப்பு!" என்று கம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அதே சமயம் மேலே கதவு தடதடவென்று அதிர்ந்தது. "அக்கா! தொறங்கக்கா! கண்ணு எரியுது! யா அல்லா, நெடி தாங்கலக்கா!"

நான் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடித் தாழ்ப்பாளை எடுத்தேன். டிஷ் பாய் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். கடல்காற்றில் மிளகாய்த் தூள் கிளம்பி, கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாரிய தலை கலைந்து நட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கோலத்திலும் ஸ்பானரைக் கையிலிருந்து விடவில்லை.

"யாருடி இவன்?" என்றார் நாத்தனார்.

"டிஷ் பாய் மதினி. டிஷ் ரிப்பேரு."

நாத்தனார் ஸ்பானரைப் பார்த்தார். மூலையில் திருகிக் கிடந்த டிஷ்ஷைப் பார்த்தார். கம்பு மெதுவாக இறங்கியது. "அப்ப… ஏழு மணிக்கு மாடிக்கு வாரவன்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டம்ளர், கட்டிலுக்கு அடியில் பார்த்தது, காவல், கம்பு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாய்க்கு வருவதற்குள் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னைய அப்படியா நெனச்சீக மதினி?"

"பக்கத்து வீட்டுக்காரி போன்ல சொன்னா. நான் நம்பல. நம்பாமத்தான் நேர்ல வந்தேன்."

"நம்பாதவுக எதுக்குக் கதவத் தாழ்ப்பாள் போட்டீக?"

நாத்தனார் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மிளகாய்க் கை. அவ்வளவுதான், அவர் கண்ணும் ஒழுக ஆரம்பித்தது. ஆக மூன்று பேர் அழுதுகொண்டிருந்தோம், அதில் இரண்டு பேர் மிளகாயால்.

டிஷ் பாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகம் கழுவி முடித்ததும், "எல்லாரும் மாடிக்கு வாங்க. வாரவன நீங்களே பாருங்க" என்றேன். "மேல ஒரு ராக்கெட் பாடி சுத்திக்கிட்டு இருக்கு. அதத்தான் தெனம் பாக்குறேன்."

"பாடியா? யாரு செத்தது?" என்று பதறினார் நாத்தனார்.

"செத்த பாடி இல்லம்மா" என்றார் டிஷ் பாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சாட்டிலைட்டு மாதிரி. ஆனா எங்க டிஷ்ஷுக்குச் சிக்னல் குடுக்குறது ஒரே எடத்துல நிக்கும். அக்கா சொல்றது ஓடுற ரகம்."

இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் வடகடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முந்தைய நாள் மேகம் ஓரளவு விலகியிருந்தது, ஆனால் ஒரு துண்டு மட்டும் வடக்கே ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. ஆப்பில் சொன்ன நேரம் வந்தது. ஒன்றும் இல்லை. நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தையே பார்த்தேன். யாரோ எப்போதோ காலியாக்கி விட்டெறிந்த ஒரு தகரக் குடுவை வந்து சாட்சி சொன்னால்தான் எனக்கு இந்த ஊரில் மரியாதை என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன். வாடா, வந்து தொலையடா என்று மனதுக்குள் திட்டினேன்.

மேகத்தின் விளிம்பில் ஒரு பளிச்.

"அந்தா!" என்றேன்.

"எங்க? எங்க?"

"பொறுங்க, இன்னொன்னு வரும். என் விரலுக்கு நேரா பாருங்க."

வந்தது. முதலில் பார்த்ததைவிட மேலே, முன்னைவிடப் பிரகாசமாக. "அடியாத்தி" என்றார் நாத்தனார். மூன்றாவது பளிச்சுக்கு டிஷ் பாய் கையைத் தட்டிவிட்டார். தலைக்கு மேலே வந்தபோது வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்கித் திருப்பிக் காட்டினது போல ஒரு மின்னல். நாத்தனார் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்து, பின்னால் சாய்ந்து விழப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தென்கடல் பக்கம் அவன் மங்கி மறைகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அடுத்த மாடியில் கருவாட்டுக் கூடையோடு ஒரு தலை தெரிந்தது.

"ஏ, இங்கன வா!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. "நீ சொன்ன ஆளு அந்தா போறான். ஓடிப் போயிப் புடி!"

அந்த அக்கா கூடையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு நிறைய இறால் வறுத்துக் கொடுத்தனுப்பினார். நான் வாங்கிக்கொண்டேன். இறால் மீது எனக்கு என்ன கோபம்?

டிஷ் பாய் அன்றைக்கு ரிப்பேர் செய்யவில்லை. "கண்ணு தெரியட்டும், நாளைக்கி வாரேன்" என்று போனார். மறுநாள் வந்தபோது, கீழே தெருவில் நின்றபடியே, "மொளகா அள்ளியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார்.

அன்றைக்கு டிஷ் பாய் போன பிறகு வீட்டில் நானும் நாத்தனாரும் மட்டும். தோசை சுட்டேன். அவர் தட்டில் வைத்தேன். அவர் பிட்டுப் பிட்டுத் தின்றார். இரண்டாவது தோசைக்குப் பிறகு, "என்னைய நாலு வார்த்த வஞ்சுரு தாயி" என்றார். "சின்னப்புள்ளையில இருந்து அவன் ஒருத்தனுக்காகவே பயந்து பழகிருச்சு. கேட்டதும் பஸ் ஏறிட்டேன். ஒங்கிட்டத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்."

வைய வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. மூன்றாவது தோசையை முறுகலாகப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "ஆமா, அவன் இங்கருந்து நேரா எங்க போறான்?"

"கடல் தாண்டி, பூமிய ஒரு சுத்துச் சுத்திட்டு வருவான்."

"திரும்ப இங்கனயேவா?"

"இல்ல. அவன் சுத்தி வாரதுக்குள்ள பூமி கொஞ்சம் திரும்பிருமில்ல. அதனால அடுத்த சுத்து நமக்கு மேற்க தள்ளிப் போகும்."

"மேற்கன்னா, நம்ம தம்பி இருக்கானே, அந்தப் பக்கமா?"

தோசைக் கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். இத்தனை நாளாக அவனை என் மாடியிலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன். ஊர் என்ற இடத்தில் மண்டபத்தை எடுத்துவிட்டுத் துபாய் என்று போட்டேன். வந்த நேரத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பாகிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. இங்கே ஏழு மணிக்குப் போனவன், ஒரு சுற்று முடிந்து, அங்கேயும் ஏழு மணிக்கே வருகிறான். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவன் ஒரு சுற்றுக்கு எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"மதினி, அவருக்கு இனிமேத்தான் வாரான். இன்னும் கொஞ்ச நேரத்துல."

"அப்பக் கூப்பிடு, கூப்பிடு!"

இருவரும் மாடிக்கு ஓடினோம், சிக்னலுக்காக. வீடியோ காலில் கணவர் முகம் தெரிந்ததும் நாத்தனார் போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏலே, மொதல்ல வெளிய வா!"

"அக்கா? நீ எப்பக்கா அங்க வந்த?"

"அதெல்லாம் அப்பறம். வெளிய வந்து வடக்க பாரு. வடக்கு எதுன்னு தெரியுமா?"

அவர் தங்கியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு அவர் ஏறுவது படம் குலுங்கிக் குலுங்கித் தெரிந்தது. செருப்புச் சத்தம், தண்ணீர்த் தொட்டி, வரிசையாக ஏசி பெட்டிகள், தூரத்தில் விளக்குக் கட்டடங்கள். "இங்கன இந்த வெளிச்சத்துல என்னத்தத் தெரியும்?" என்று முணுமுணுத்தார். போனை வானத்துக்குத் திருப்பினார். எங்களுக்கு வெறும் கறுப்புத்தான் தெரிந்தது. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"இன்னும் காணோம்."

"நில்லுங்க, பளிச்சுனு வரும், அணைஞ்சுரும். அப்பறம் இன்னொன்னு."

"ஒண்ணும்… ஏய். ஏய்! வந்துட்டான்!"

நாத்தனார் என் கையைக் கிள்ளினார்.

"அந்தா இன்னொன்னு. மேல ஏறுறான். ஏய், வாங்கடா, வந்து பாருங்கடா!" மலையாளத்திலும் இந்தியிலும் நாலைந்து குரல்கள் கேட்டன. பிறகு எல்லாம் அடங்கியது. இணைப்பு போய்விட்டதோ என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இருக்கேன்" என்றார். "இது நீ பாத்த அதே ஆளுதானா?"

"அதேதான். இங்கன பாத்துட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"இப்பப் பாத்தியே, அதேதானா?"

"அதேதாங்க."

எத்தனையோ வருடமாக எனக்கு மழை என்றால் அவருக்கு வெயில், எனக்குப் பொங்கல் என்றால் அவருக்கு டியூட்டி. ஒரே பொருளை ஒரே நாளில் இருவரும் பார்த்தோம் என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. போனில் சொல்கிற பேச்சு இல்லை அது. அவரும் வேறு ஏதோ சொல்லவந்து, கடைசியில் "உன் ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

பிறகு நினைவு வந்தவராக, "அது சரி, அக்கா என்ன திடீர்னு அங்கன?" என்று கேட்டார்.

நாத்தனார் என்னைப் பார்த்தார். கமுதிச் சந்தையில் யார் பேச்சுக்கும் அசராத அந்த முகம் பள்ளிக்கூடப் பிள்ளை முகம் போல ஆகிவிட்டது.

"மொளகா காயப்போட வந்தாக" என்றேன் நான்.

"கமுதில வெயில் இல்லையாக்கும்?"

"கடல்காத்துல காஞ்சா காரம் கூடுமாம்" என்றேன். நாத்தனார் இருட்டில் என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

மிளகாய்க் காட்டை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று அதன் பிறகு இரண்டு வாரம் போல இருந்துவிட்டுப் போனார். தினமும் சாயந்தரம் நான் லேபிலிருந்து வருவதற்குள் மாடியில் பாயும் காப்பியும் தயாராக இருக்கும். ஸ்டாப்வாட்ச் அவர் கையில்தான். பளிச்சுக்கு முன்னாலேயே அமுக்கிவிடுவார், அதை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. ஊருக்குப் போன பிறகும் போன் வரும். "எங்களுக்குக் கெழக்க ஒதுங்கிப் போறான் இன்னைக்கி, உனக்கு நல்லாத் தெரியுதா?" என்று கேட்பார். அந்த ஊரில் இந்தக் கதை எப்படிப் போனதோ தெரியாது. கமுதியிலிருந்து லேபுக்கு வந்த ஒரு பெண் என்னிடம், "நீங்கதான் ராக்கெட்டு வச்சிருக்க அக்காவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வருடம் கணவருக்கு லீவு கிடைத்தது. அவர் வந்தபோது அவன் நேரம் மாறிவிட்டிருந்தது. மாலையில் வெளிச்சம் போவதற்குள் தாண்டிவிடுகிறான், தெரிவதில்லை. அதற்குப் பதிலாக விடியற்காலையில் தெரிகிறான், அதுவும் திசை மாறி, தெற்கிலிருந்து வடக்கே. லீவில் வந்த மனிதரை அந்நேரத்துக்கு எழுப்புவதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் டிஷ் பாய் கடைத்தெருவில் அவரைப் பிடித்து, தன் கண் பட்ட பாட்டை முழுக்க ஒப்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"மதினி பாவங்க" என்றேன்.

அக்காவுக்கு உடனே போன் போடுவார், ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிக் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. செல்லை எடுத்து, காலையில் எத்தனை மணிக்கு வருகிறான் என்று கேட்டு அலாரம் வைத்தார்.

அலாரம் அடித்தபோது எழுந்தது நான். அவரை உலுக்கி எழுப்பினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி மாடிக்கு வந்து, துபாயில் பார்த்த ஞாபகத்தில் வடக்கே பார்த்து நின்றார். தாடையைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிட்டேன். தென்கடலில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. முதல் பளிச் வந்ததும், "நம்ம ஆளு" என்றார்.